சீன விஞ்ஞானியுடன் சேர்ந்து கட்டுரை எழுதினால் அரசு நிதி கிடையாதா? அமெரிக்காவில் கிளம்பியிருக்கும் 'வெளிநாட்டுத் தொடர்பு' சர்ச்சை

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பேட்டரி பற்றி ஆராயும் ஒரு பேராசிரியர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2022ல் ஷாங்காய் ஆய்வகம் ஒன்றுடன் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். ரகசியம் எதுவும் இல்லை. கட்டுரை இணையத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பல்கலைக்கழகத்துக்கும் தெரியும், சட்டமும் தடுக்கவில்லை. ஆனால் சில ஆண்டுகள் கழித்து அவர் அரசு நிதிக்கு விண்ணப்பிக்கும்போது, அந்தப் பழைய கட்டுரையைக் காட்டி 'உங்களுக்குப் பணம் கிடையாது' என்று சொன்னால் எப்படி இருக்கும்?

இதற்கு வழி செய்யும் மசோதா ஒன்றைத்தான் அமெரிக்க பிரதிநிதிகள் சபை 2025 செப்டம்பரில் நிறைவேற்றியது. 'சேஃப் ரிசர்ச் ஆக்ட்' என்று பெயர். டிசம்பரில் அது கடைசி நேரத்தில் கழற்றிவிடப்பட்டது. ஆனாலும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நிம்மதி திரும்பவில்லை. ஏன்னா, இது புதிதாக முளைத்த யோசனை இல்லை. கிட்டத்தட்ட 15 ஆண்டுகளாக ஒவ்வொரு படியாக ஏறிவந்த ஒன்றின் அடுத்த படி.

மசோதா என்ன சொன்னது?

மசோதாவைக் கொண்டுவந்தவர் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஜான் மூலனார். சீனக் கம்யூனிஸ்ட் கட்சியைக் கண்காணிக்க பிரதிநிதிகள் சபை அமைத்த சிறப்புக் குழுவின் தலைவர்.

சீனா, ரஷ்யா, இரான், வட கொரியா ஆகிய நாடுகளின் 'பகை நிறுவனங்களோடு' தொடர்புடைய யாருடனாவது சேர்ந்து பணியாற்றும் அமெரிக்க விஞ்ஞானிக்கு அரசின் ஆய்வு நிதி கிடையாது என்பதுதான் மசோதாவின் சாரம். சேர்ந்து பணியாற்றுவது என்றால் என்ன? கூட்டு ஆராய்ச்சி, சேர்ந்து கட்டுரை எழுதுவது மட்டுமல்ல, வெளிநாட்டு பிஎச்டி மாணவருக்கோ போஸ்ட்டாக் ஆய்வாளருக்கோ கைடாக இருப்பதும்கூட அந்தப் பட்டியலில் வந்தது. எல்லாவற்றையும்விட அதிக எதிர்ப்பைக் கிளப்பியது இன்னொரு பிரிவு: கடந்த 5 ஆண்டுகளில் நடந்த தொடர்புகளும் கணக்கில் வரும்.

தனி மசோதாவாக வந்திருந்தால் பல மாதங்கள் விவாதம் நடந்திருக்கும். அப்படி வரவில்லை. 'என்டிஏஏ' எனப்படும் பாதுகாப்புத் துறைக்கான வருடாந்திர சட்டத்தோடு திருத்தமாக ஒட்டப்பட்டது. ராணுவத்துக்கான சட்டம் என்பதால் எப்படியும் நிறைவேறியே ஆக வேண்டும். அதனால் தனியாகப் போனால் ஓடாத வண்டிகளை எல்லாம் இந்த ரயிலின் பின்னால் கோர்த்துவிடுவது அமெரிக்க நாடாளுமன்றத்தில் பழைய பழக்கம்.

செனட் சபையின் வரைவில் இந்தப் பிரிவு இல்லை. இரண்டு சபைகளும் சமரசம் பேசிய காலத்தில் 750க்கும் மேற்பட்ட பேராசிரியர்களும் மூத்த ஆய்வாளர்களும் எதிர்ப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டனர். டிசம்பரில் வந்த இறுதி வடிவத்தில் சேஃப் ரிசர்ச் பிரிவு இடம்பெறவில்லை.

ஆதரவாளர்களின் வாதம் வெறும் பூச்சாண்டியா?

இல்லை. அதை அவ்வளவு லேசாகத் தள்ளிவிட முடியாது.

மூலனாரின் குழு 2025 செப்டம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2023 ஜூன் முதல் 2025 ஜூன் வரையிலான இரண்டு ஆண்டுகளில், அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பணத்தில் நடந்த ஆய்வுகளில் சீனர்களோடு சேர்ந்து எழுதப்பட்ட கட்டுரைகள் சுமார் 1,400 என்று அந்த அறிக்கை கணக்குக் காட்டியது. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை சீன ராணுவ ஆய்வு மற்றும் தொழில்துறையோடு தொடர்புள்ள நிறுவனங்கள் சம்பந்தப்பட்டவை என்றும் சொன்னது. அமெரிக்க வரிசெலுத்துவோரின் பணம், அதுவும் ராணுவத்துக்கு ஒதுக்கிய பணம், எதிர்தரப்பு ராணுவத்துக்குப் பயன்படலாமா என்ற கேள்வி எந்த நாட்டு வாக்காளருக்கும் நியாயமாகத்தான் படும்.

சீனாவில் சிவில் ஆராய்ச்சிக்கும் ராணுவ ஆராய்ச்சிக்கும் இடையே சுவர் கிடையாது என்பதும் உண்மை. அதை இணைப்பதே அந்நாட்டு அரசின் அறிவிக்கப்பட்ட கொள்கை. ஹார்பின் தொழில்நுட்ப நிறுவனம், பெய்ஹாங் பல்கலைக்கழகம் உட்பட ஏழு பல்கலைக்கழகங்களை 'தேசப் பாதுகாப்பின் ஏழு மகன்கள்' என்றே அழைப்பார்கள். உளவுப் பணிக்கு ஒத்துழைக்க வேண்டியது அமைப்புகள், குடிமக்களின் கடமை என்று 2017ல் வந்த சீன உளவுச் சட்டம் சொல்கிறது.

மறைத்தவர்களும் இருந்தார்கள். ஹார்வர்டு வேதியியல் துறையின் தலைவராக இருந்த சார்லஸ் லைபர், நானோ அறிவியலில் உலகப் புகழ் பெற்றவர். சீனாவின் வூஹான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துடன் மாதம் 50,000 டாலர் வரை சம்பளத்துக்கு ஒப்பந்தம் போட்டிருந்தார். ஆய்வகம் அமைக்க 15 லட்சம் டாலருக்கும் மேல். அமெரிக்க அதிகாரிகள் கேட்டபோது அதைச் சொல்லவில்லை, வருமான வரியிலும் காட்டவில்லை. 2021 டிசம்பரில் நடுவர் குழு அவரைக் குற்றவாளி என்றது.

ஆனால் அவரை மாட்ட வைத்தது எது? பொய் சொன்னதும் வரி ஏய்ப்பும். இரண்டும் ஏற்கெனவே குற்றங்கள்தான். அவரைப் பிடிக்கப் புதுச் சட்டம் தேவைப்படவில்லை. உளவு பார்த்ததாக அவர் மீது குற்றச்சாட்டே கிடையாது.

'என்ன ஆராய்ச்சி?' என்ற கேள்வி எப்போது 'யாரோடு?' என்று மாறியது?

பனிப்போர் உச்சத்தில் இருந்த காலத்திலும் அமெரிக்காவில் இதே பயம் இருந்தது. அப்போது எதிரி சோவியத் யூனியன். 1985 செப்டம்பரில் அதிபர் ரொனால்ட் ரீகன் ஓர் உத்தரவு போட்டார். அடிப்படை ஆராய்ச்சியின் முடிவுகளுக்கு முடிந்தவரை கட்டுப்பாடு கூடாது, தேசப் பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் அந்த ஆராய்ச்சியை முறைப்படி 'ரகசியம்' என்று வகைப்படுத்த வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அதாவது இரண்டே பெட்டிகள். ஒன்று ரகசியப் பெட்டி, பூட்டு உண்டு, சாவி சிலரிடம் மட்டும். இன்னொன்று திறந்த பெட்டி, யாரும் எடுத்துப் பார்க்கலாம். கம்யூனிசத்தை ரீகனைவிடக் கடுமையாக எதிர்த்த அதிபர் யாரும் இல்லை என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும்.

இப்போது நடப்பது, மூன்றாவதாக ஒரு பெட்டி செய்யும் முயற்சி. ஆராய்ச்சி ரகசியம் கிடையாது, கட்டுரை உலகத்துக்கே வெளியாகும், பெய்ஜிங்கில் இருப்பவர் அதை டவுன்லோடு செய்து படிக்கலாம். ஆனால் அவரோடு சேர்ந்து எழுதியிருந்தால் மட்டும் உங்களுக்குப் பணம் இல்லை. படிக்கலாம், கூட எழுதக் கூடாது! ராணுவத்துக்குப் பயன்படக்கூடிய தகவல் கசிவதைத் தடுப்பதுதான் நோக்கம் என்றால், வெளியான கட்டுரையில் இருக்கும் தகவலை இந்தத் தடை எப்படித் தடுக்கும் என்பதற்கு நேரான பதில் இதுவரை வரவில்லை. கட்டுரையில் வராத நுணுக்கங்கள், ஆய்வகக் கைப்பக்குவம் கைமாறும் என்று ஆதரவாளர்கள் சொல்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் பரிமாற்றம் இரண்டு பக்கமும்தான் நடக்கும் என்பது அந்த வாதத்தில் விட்டுப்போகிறது.

முதல் படி: நாசா

15 ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கும் ஒரு சட்டப்பிரிவைப் பார்த்தால், இந்த மாதிரித் தடைகள் தரையில் எப்படி வேலை செய்யும் என்பது புரியும். 2011ல் வந்த 'வுல்ஃப் திருத்தம்'. எம்.பி. ஃபிராங்க் வுல்ஃப் கொண்டுவந்தது. நாசா தன் பணத்தை சீன அரசுடனோ சீன நிறுவனங்களுடனோ இருதரப்பு ஒத்துழைப்புக்குச் செலவிடக் கூடாது என்பதுதான் விதி. ஒவ்வோர் ஆண்டும் நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் அது திரும்பத் திரும்ப இடம்பெற்று வருகிறது.

2013 நவம்பரில் கலிஃபோர்னியாவில் உள்ள நாசாவின் ஏம்ஸ் மையத்தில், கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கி பற்றிய மாநாடு ஏற்பாடானது. பிற சூரியக் குடும்பங்களின் கோள்களைத் தேடும் திட்டம் அது. ராணுவத்துக்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. ஆனால் சீனக் குடிமக்கள் என்ற காரணத்துக்காகச் சிலரின் விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலேயே வேலை பார்த்த சீனர்களுக்கும் அதே கதி. கோபமடைந்த முன்னணி வானியலாளர்கள் மாநாட்டைப் புறக்கணிப்பதாக அறிவித்தனர்.

சட்டத்தைக் கொண்டுவந்த வுல்ஃபே தலையிட்டு, தன் சட்டம் தனிநபர்களைத் தடுக்கவில்லை, அதிகாரிகள் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று நாசாவுக்குக் கடிதம் எழுதினார். தடை விலக்கப்பட்டது.

சட்ட வாசகம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் போதும், கீழே இருக்கும் அதிகாரி ரிஸ்க் எடுக்க மாட்டார். அனுமதித்தால் தனக்குச் சிக்கல் வரலாம், மறுத்தால் யாருக்கோதான் நஷ்டம். எந்த ஊர் அரசு அலுவலகத்துக்குப் போய்வந்தவருக்கும் இது புதிதல்ல.

ஒரு பேராசிரியருக்கு நேர்ந்தது

அதே வுல்ஃப் திருத்தம் ஒருவரை நீதிமன்றக் கூண்டில் ஏற்றியது. டென்னசி பல்கலைக்கழகத்தில் நானோ தொழில்நுட்பப் பேராசிரியராக இருந்த ஆன்மிங் ஹு. சீனாவில் பிறந்து கனடா குடியுரிமை பெற்றவர். நாசா நிதியில் ஆராய்ச்சி செய்தவர், அதே சமயம் பெய்ஜிங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பகுதிநேரத் தொடர்பும் வைத்திருந்தார். இந்தத் தொடர்பை மறைத்து நாசாவை ஏமாற்றிவிட்டார் என்று 2020 பிப்ரவரியில் கைது செய்யப்பட்டார். பல்கலைக்கழகம் வேலையை விட்டு நீக்கியது. வீட்டுக் காவலில் ஓராண்டுக்கும் மேல்.

அப்போது நடந்துகொண்டிருந்தது 'சைனா இனிஷியேட்டிவ்' என்ற நடவடிக்கை. சீன உளவாளிகளைப் பிடிப்பதற்காக 2018 நவம்பரில் டிரம்ப் அரசின் நீதித்துறை தொடங்கியது.

2021 ஜூனில் ஹு வழக்கு விசாரணைக்கு வந்தது. கல்வித் தொடர்பை மறைத்ததாக வழக்குகளைச் சந்தித்த பேராசிரியர்களில் முதலில் விசாரணைக்குப் போனது இவருடையதுதான். எஃப்பிஐ அதிகாரி கூண்டில் ஏறினார். சந்தேகம் எங்கிருந்து தொடங்கியது? இணையத்தில் தேடியதிலிருந்து. அதில் கிடைத்த சீனமொழித் தகவலை கணினி மொழிபெயர்ப்பில் படித்ததிலிருந்து. ஹுவுக்கு சீன ராணுவத்தோடு தொடர்பு இருப்பதுபோலப் பல்கலைக்கழக நிர்வாகத்திடம் சொன்னது சரியான தகவல் இல்லை என்பதை அவர் குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகள் ஹுவைப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். அதே பல்கலைக்கழகத்தில் படித்த மகனையும் விடவில்லை. உளவு பார்த்ததற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் படிவத்தில் ஒரு விவரம் சரியாக நிரப்பப்படவில்லை என்பதுதான்.

அந்தப் படிவத்தையாவது வேண்டுமென்றே தப்பாக நிரப்பினாரா? நாசா தடை தனிப்பட்ட பேராசிரியர்களுக்குப் பொருந்துமா, இல்லையா என்பதில் பல்கலைக்கழகத்துக்கே தெளிவு இல்லாதது விசாரணையில் வெளியே வந்தது. நடுவர் குழு ஒருமித்த முடிவுக்கு வர முடியாமல் கலைந்தது. 2021 செப்டம்பரில் நீதிபதி அவரை முழுமையாக விடுவித்தார். நாசாவை மோசடி செய்யும் எண்ணத்துக்கு ஆதாரம் இல்லை, நாசா கொடுத்த பணத்துக்கு உரிய ஆராய்ச்சியை அது பெற்றுக்கொண்டது என்பது தீர்ப்பின் சாரம். 2022ல் வேலை திரும்பக் கிடைத்தது. இடையில் போன இரண்டு ஆண்டு ஆராய்ச்சி? அதை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது.

எம்ஐடி பேராசிரியர் காங் சென் கதையும் இதே ரகம். 2021 ஜனவரியில் கைது. சீனாவிலிருந்து வந்ததாக அரசுத் தரப்பு சொன்ன 1 கோடியே 90 லட்சம் டாலர் அவருக்கு வந்த பணமே இல்லை, எம்ஐடிக்கு வந்த பணம் என்று எம்ஐடி நிர்வாகமே விளக்கம் சொல்லியது. ஓராண்டு கழித்து வழக்கை அரசே வாபஸ் வாங்கியது.

77 வழக்குகள், சுமார் 150 பேர். அதில் கிட்டத்தட்ட 90 சதவீதம் பேர் சீன வம்சாவளியினர், குற்றம் நிரூபணமானவர்கள் கால்வாசிப் பேர் என்று எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூ இதழ் 2021 டிசம்பரில் ஆவணங்களைத் தொகுத்து எழுதியது. 2022 பிப்ரவரியில் பைடன் அரசு அந்தத் திட்டத்தை முடித்துவைத்தது.

வழக்கே இல்லாமல் வேலை போனவர்கள்

நீதிமன்றம் வரை வந்த வழக்குகளாவது வெளியே தெரிந்தன. தெரியாமல் நடந்தவை அதைவிட அதிகம். மருத்துவ ஆய்வுகளுக்கு நிதி தரும் 'என்ஐஎச்' 2018 முதல் சுமார் 100 நிறுவனங்களுக்குக் கடிதம் அனுப்பியது. உங்களிடம் உள்ள இந்த விஞ்ஞானிகளின் வெளிநாட்டுத் தொடர்பை விசாரியுங்கள் என்பதுதான் கேள்வி. மொத்தம் 246 பேர். பெரும்பாலோர் ஆசிய வம்சாவளியினர். அவர்களில் 103 பேர் வேலை இழந்ததாக 2023ல் சயின்ஸ் இதழ் செய்தி வெளியிட்டது. நீதிமன்றம் இல்லை, குறுக்கு விசாரணை இல்லை. நிதி போய்விடுமோ என்று பயந்த நிர்வாகங்கள் ஆளை அனுப்பிவிட்டன.

நிதியைக் கையில் வைத்திருப்பவருக்கு போலீஸ் தேவைப்படாது. சேஃப் ரிசர்ச் மசோதாவின் பலமே அங்கேதான் இருந்தது. யாரையும் கைது செய்யச் சொல்லவில்லை, எந்தப் பேச்சையும் தடை செய்யவில்லை. ஒத்துழைப்பு உங்கள் உரிமை, பணம் எங்கள் உரிமை என்கிற ஏற்பாடு. ஆனால் பல்கலைக்கழக ஆராய்ச்சியில் பெரும்பகுதி அரசு பணத்தில்தான் ஓடுகிறது என்னும்போது, அந்த 'உரிமை' பெயரளவில்தான் மிஞ்சும்.

2023ல் பிஎன்ஏஎஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்காவில் பணியாற்றும் சீன வம்சாவளிப் பேராசிரியர்கள் சுமார் 1,300 பேரிடம் கேட்டார்கள். ஆய்வாளராகப் பாதுகாப்பாக உணரவில்லை என்றவர்கள் 72 சதவீதம். நாட்டை விட்டுப் போவது பற்றி யோசித்ததாகச் சொன்னவர்கள் 61 சதவீதம்.

போனால் யாருக்கு லாபம்? 1950களிலேயே இதற்கு ஒரு விடை கிடைத்தது. கால்டெக்கில் ராக்கெட் ஆராய்ச்சி செய்த சியன் ஷூசென், ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். கம்யூனிஸ்ட் என்ற சந்தேகத்தில் 1950ல் அவருடைய பாதுகாப்பு அனுமதி பறிக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகள் கண்காணிப்பில் வைத்திருந்து, 1955ல் சீனாவுக்கு அனுப்பினார்கள். சீனாவின் ஏவுகணைத் திட்டத்தைக் கட்டியெழுப்பியவர் அவர்தான். லைபர்கூட தண்டனைக்குப் பிறகு 2025ல் சீனாவின் ஷென்ஜெனுக்கே போய்ச் சேர்ந்தார்.

நஷ்டக் கணக்கில் வராதவை

சீனாவுடன் கூட்டு என்றாலே சிப், ஏவுகணை, செயற்கை நுண்ணறிவு என்று மனது போகிறது. வேறு மாதிரியும் இருக்கிறது. 1993 முதல் 1995 வரை அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமும் (சிடிசி) பெய்ஜிங் மருத்துவப் பல்கலைக்கழகமும் சேர்ந்து சீனாவில் ஒரு திட்டம் நடத்தின. கருத்தரிக்கும் முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டால், குழந்தையின் தண்டுவடமும் மூளையும் சரியாக உருவாகாத பிறவிக் குறைபாடு குறையுமா என்பதுதான் கேள்வி. சுமார் 2 லட்சத்து 48 ஆயிரம் பெண்களின் கர்ப்பங்கள் கணக்கில் எடுக்கப்பட்டன. இந்தக் குறைபாடு அதிகம் இருந்த வட சீனப் பகுதியில், மாத்திரையை ஒழுங்காக எடுத்துக்கொண்டவர்களிடம் அது 85 சதவீதம் வரை குறைந்தது. 1999ல் முடிவு வெளியானது.

அவ்வளவு பெரிய எண்ணிக்கையும், அந்தக் குறைபாடு அதிகமுள்ள பகுதியும் சீனாவில் இருந்தன. பல பத்தாண்டு கால ஆய்வு அனுபவம் அமெரிக்காவில் இருந்தது. நம்மூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் மாத்திரையில் உள்ள அதே ஃபோலிக் அமிலம்தான் இது. பெய்ஜிங் மருத்துவப் பல்கலைக்கழகம் சீன அரசின் நிறுவனம். இன்றைய மசோதாவின் அகலமான வாசகத்தில் அப்படியொரு நிறுவனம் உள்ளே வருமா, வெளியே நிற்குமா என்று உறுதியாகச் சொல்ல எந்தப் பேராசிரியராலும் முடியாது. முடியாதபோது அவர் என்ன செய்வார்? ஒதுங்கிக்கொள்வார்.

பெரிய கூட்டு ஆய்வுகளுக்கு இது இன்னும் சிக்கல். ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வு மையத்தில் ஹிக்ஸ் துகளின் எடையை அளந்து 2015ல் வெளியான கட்டுரையில் 5,154 பேரின் பெயர்கள் இருந்தன. அமெரிக்கர்கள், சீனர்கள், ரஷ்யர்கள், இந்தியர்கள் எல்லோரும் உண்டு. அதில் பெரும்பாலானோர் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை. இதுவும் 'சேர்ந்து எழுதிய' கணக்கில் வருமா?

பல்கலைக்கழகங்கள் சட்டத்துக்காகக் காத்திருக்கவும் இல்லை. ஷென்ஜெனில் நடத்திவந்த கூட்டு நிறுவனத்திலிருந்து விலகுவதாக ஜார்ஜியா டெக் 2024ல் அறிவித்தது. ஷாங்காய் ஜியாவ் டோங் பல்கலைக்கழகத்துடன் வைத்திருந்த இருபது ஆண்டு உறவை முடித்துக்கொள்வதாக மிச்சிகன் பல்கலைக்கழகம் 2025 ஜனவரியில் சொன்னது. இரண்டுக்கும் முன்னால் மூலனார் குழுவின் நெருக்கடி இருந்தது.

வேறு வழியே இல்லையா?

இருக்கிறது. அமெரிக்க அரசே கேட்டு வாங்கிய அறிவுரை ஒன்று 2019 டிசம்பரிலேயே வந்துவிட்டது. 'ஜேசன்' என்பது ராணுவ ரகசியங்களைப் பார்க்கும் அனுமதியுள்ள விஞ்ஞானிகளின் ஆலோசனைக் குழு. வெளிநாட்டுத் தலையீடு உண்மையான பிரச்னைதான் என்று அது ஒப்புக்கொண்டது. ஆனால் தீர்வு, எல்லாத் தொடர்புகளையும் முழுமையாக வெளிப்படுத்தச் சொல்வதும், மறைப்பதை ஆய்வு நேர்மைக் குற்றமாக நடத்துவதும்தான், அடிப்படை ஆராய்ச்சிக்குப் புதிய தடைகள் கூடாது என்றது.

2022 ஆகஸ்டில் வந்த சிப்ஸ் அண்ட் சயின்ஸ் சட்டம் பெருமளவு அந்தப் பாதையில் போனது. சீனா போன்ற நாடுகளின் 'தீய நோக்கமுள்ள' திறமையாளர் சேர்ப்புத் திட்டங்களில் இருப்பவருக்கு நிதி கிடையாது. அந்த நாடுகளிலிருந்து 50,000 டாலருக்கு மேல் பணம் வந்தால் பல்கலைக்கழகம் தெரிவிக்க வேண்டும். கடுமையான விதிகள்தான். ஆனாலும் தற்போதைய நடத்தையைப் பார்க்கின்றன.

கனடா இன்னொரு மாதிரி. 2024 ஜனவரியில் சீனா, ரஷ்யா, இரானைச் சேர்ந்த 100க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் பெயர்களை அரசே பட்டியல் போட்டு வெளியிட்டது. முக்கியமான சில தொழில்நுட்பத் துறைகளில் நிதி கேட்பவருக்கு அந்த நிறுவனங்களோடு தற்போது தொடர்பு இருக்கக் கூடாது. பிடிக்கிறதோ இல்லையோ, விஞ்ஞானிக்கு எங்கே கோடு என்று தெரியும். சேஃப் ரிசர்ச் மசோதாவில் இல்லாமல் போனது இதுதான். கோடும் தெளிவாக இல்லை, ஐந்து ஆண்டுகள் பின்னாடி போய் நேற்று செய்ததற்கு இன்று தண்டனை.

இந்திய மாணவர்களுக்கு இதில் என்ன?

இந்தியா அந்த நான்கு நாடுகளின் பட்டியலில் இல்லை. அதனால் இந்திய மாணவரைச் சேர்த்துக்கொண்டதற்காக எந்தப் பேராசிரியரும் நிதி இழக்க மாட்டார். பிரச்னை சுற்றிவரும் பாதையில்தான் இருக்கிறது.

2024-25 கல்வி ஆண்டில் அமெரிக்காவில் படித்த இந்தியர்கள் சுமார் 3 லட்சத்து 63 ஆயிரம் பேர், மற்ற எல்லா நாட்டவரையும்விட அதிகம். அறிவியல், பொறியியலில் பிஎச்டி சேர்பவர்களுக்கு மாதச் சம்பளமும் படிப்புக் கட்டணமும் பெரும்பாலும் கைடின் ஆய்வு நிதியிலிருந்தே போகும். கைடுக்கு நிதி நின்றால், கோயம்புத்தூரிலிருந்தோ திருச்சியிலிருந்தோ போன மாணவருக்கும் நின்றுவிடும், அவர் வாழ்நாளில் சீனாவைப் பார்த்திருக்காவிட்டாலும். ஒரே ஆய்வகத்தில் இந்திய, சீன மாணவர்கள் பக்கத்துப் பக்கத்து மேஜையில் வேலை பார்ப்பது அங்கே சர்வ சாதாரணம்.

பகை நாடுகளுக்கான விதிகள் அந்த நாடுகளோடு நின்றுவிடுவதும் இல்லை. 2025 மே 1ஆம் தேதி என்ஐஎச் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அமெரிக்க நிறுவனம் பெற்ற நிதியிலிருந்து வெளிநாட்டுக் கூட்டாளிக்குப் பங்கு தரும் பழைய முறை நிறுத்தப்படும், புதிய முறை வரும்வரை அத்தகைய புதிய நிதி கிடையாது என்றது. எந்த நாடு என்ற வேறுபாடு அதில் இல்லை. காசநோய், எச்ஐவி ஆய்வுகளில் இந்திய நிறுவனங்கள் என்ஐஎச்சோடு நீண்ட காலமாகச் சேர்ந்து வேலை செய்கின்றன. சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் என்ஐஎச்சின் கூட்டு ஆய்வு மையமே இருந்திருக்கிறது.

அமெரிக்கா போகத் திட்டமிடும் ஆய்வு மாணவர்கள் சேரும் முன்பு கைடிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் இதுவும் சேர்ந்துவிட்டது: உங்கள் நிதி எங்கிருந்து வருகிறது, எத்தனை ஆண்டுகளுக்கு உறுதி? சீன நிறுவனங்களோடு கட்டுரையில் பெயர் சேர்ப்பதற்கு முன் பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பாதுகாப்பு அலுவலகத்திடம் எழுத்துப்பூர்வமாக ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஹு வழக்கில் வாய்வார்த்தை விளக்கங்கள் அவரைக் காப்பாற்றவில்லை.

டிசம்பரில் மசோதா விழுந்ததும் எல்லாம் முடிந்துவிட்டதா என்றால், இல்லை. என்டிஏஏ வருடத்துக்கு ஒருமுறை வரும் ரயில். இந்த முறை கழற்றிவிட்ட பெட்டியை அடுத்த முறை மறுபடி கோர்க்க விதிகளில் தடை எதுவும் இல்லை. ஐந்து ஆண்டுக் கணக்கு என்ற யோசனை ஒருமுறை பிரதிநிதிகள் சபையைத் தாண்டிவிட்டதால், இன்று சீனக் கூட்டாளியோடு கட்டுரை அனுப்பும் பேராசிரியர் 2030ஐயும் மனதில் வைத்துத்தான் கையெழுத்துப் போடுகிறார்.